கறிவேப்பிலை மரத்துக்கு வழி

மாதவராஜ் காட்டிய படத்தில் ஆட்கள் இருந்தார்கள். சவரிமுத்துவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

வீடு அவருடையதுதான். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து கடத்தூர் போகிற சாலையில், புதிதாக மனை பிரித்த நகரில், ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் அவர் கட்டியது. அதே நீலக் கேட், அதே படிகள். ஆனால் முன்னால் கிடந்த மண் வாசல் படத்தில் முழுக்கப் பச்சைப் புல்லாக மாறியிருந்தது. புல்லின் மேல் ஓர் இளம்பெண் குழந்தையைக் கையில் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தாள். சிமென்ட் பெஞ்சில் இரண்டு பேர் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர், உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல் கையை உயர்த்தி நின்றார்.

"இவங்கெல்லாம் யாருங்க தம்பி?"

மாதவராஜ் தருமபுரியில் தோட்டம் வடிவமைத்துக் கொடுக்கும் தொழில் செய்பவன். கையில் டேப்லெட் கணினியோடு வந்திருந்தான். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை போலும்.

"அது சும்மாங்க சார். ஆள் நின்னா எடம் எவ்ளோ பெருசுன்னு ஒரு அளவு தெரியும். சாஃப்ட்வேர்லயே ரெடியா இருப்பாங்க. எடுத்து வெச்சிக்க வேண்டியதுதான்."

"எடுத்து வெச்சிக்கலாமா?"

"எத்தினி பேர் வேணும்னாலும்."

சவரிமுத்து டேப்லெட்டை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெஞ்சில் இருந்தவர்களை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் சரியாக வரவில்லை. ஆனாலும் பேச்சு சுவாரசியமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"சரி. இப்படியே போட்டுடுங்க" என்றார்.

அவர் சித்தேரி மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பலாப்பழத்தோடும் சாமை மூட்டையோடும் கோழியோடும் ஏறுகிறவர்கள் நடுவில், ஒரு காலை ஊன்ற இடம் கிடைத்தால் போதும் என்று பணிக்காலம் முழுவதையும் நின்றே கழித்தவர். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியா கெடக்குது" என்று கத்திக் கத்தித் தொண்டையில் கரகரப்பு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. வேலையில் இருந்த காலத்தில் வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டதெல்லாம் கொஞ்சம் அமைதிதான். மனைவி பாக்கியமேரி இருந்தவரை அதை அவருக்குக் கொடுக்கவில்லை. அவள் போன பிறகு கிடைத்தது. அதில் கொஞ்சத்தை எடுத்து யாரிடமாவது கொடுத்துவிட முடிந்தால் தேவலை என்று இப்போது இருந்தது.

மகள் கேத்தரின் அயர்லாந்தில் நர்ஸ். தோட்டம் போடலாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். "இப்பெல்லாம் எல்லா வூட்லயும் லேண்ட்ஸ்கேப் பண்றாங்கப்பா. அம்மாவோட செடியெல்லாம் காஞ்சி கெடக்கறதப் பாத்தா கஷ்டமா இருக்குது. லோ மெயின்டனன்ஸா போட்டுட்டா நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்" என்றாள். ஒன்றும் செய்ய வேண்டாம் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. சரி என்று சொன்னதற்குக் காரணம் வேறு.

அக்டோபர் ஜெபமாலை மாதம். அவர்கள் அன்பியத்தில், அதாவது அந்தப் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுவில், ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டுக்கு மாதாவின் சிலை, சுரூபம் என்பார்கள், வரும். அன்று அந்த வீட்டில் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்லுவார்கள். சுண்டலோ கேசரியோ கொடுத்ததைத் தின்றுகொண்டு கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசுவார்கள். மறுநாள் மாலை சுரூபம் அடுத்த வீட்டுக்குப் போகும். பாக்கியமேரி இறந்த வருடம் சுரூபம் இங்கே வரவில்லை. அடுத்த வருடம் ஆண்டோ வந்து கேட்டபோது, வேண்டாம் என்று சவரிமுத்துவே சொல்லிவிட்டார். ஆண்டோ உரக்கடை வைத்திருப்பவன், அன்பியத்தின் தலைவன். இந்த வருடம் ஞாயிறு பூசை முடிந்ததும் அவனிடம் அவராகவே போய்ப் பெயர் கொடுத்தார்.

"கடைசி வாரத்துல போட்டுக்கட்டுங்களா மாமா?"

"போட்டுக்கப்பா. எல்லாரையும் வரச் சொல்லு. ஓட்டு வூடு மாடி வூடுன்னு இல்லாம எல்லாரும்."

ஆட்கள் வந்து உட்காருவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் மாதவராஜின் டேப்லெட்டில் இருந்தது. உட்கார்ந்திருக்கும் ஆட்களோடு சேர்த்தே இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்கும் மாதவராஜுக்கும் பேச்சு நீண்டது. வாசலின் கோடியில், சுவரோரம், ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தது.

"சார், இது டிசைன்ல ஒட்டலைங்க. எடுத்துட்டு அங்க ஒரு ஃபாக்ஸ்டெயில் பாம் மரம் வெச்சமுன்னா லைட் போட்டதும் சும்மா அள்ளும்."

"அது இருக்கட்டும்."

"பின்னாடி ஒரு கன்னு வேணா வெச்சுக் குடுத்துடறனுங்க."

"தம்பி, அது அவ வெச்சது."

மாதவராஜ் டேப்லெட்டை எடுத்தான். படத்தில் மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு விட்டுவிட்டான். கேட்டிலிருந்து போர்டிகோ வரை சாம்பல் நிறக் கல் பாதை வந்தது. மரத்துக்குப் பாதை வரவில்லை. அதை அவனும் கவனிக்கவில்லை, சவரிமுத்துவும் கவனிக்கவில்லை. அந்த மரத்தில் அவர் ஒருநாளும் இலை பறித்தவர் இல்லை. பறிப்பது எதிர்வீட்டு நஞ்சம்மாள். தினமும் காலையில் கேட்டைத் தள்ளிக்கொண்டு வருவாள். "கண்டக்டரண்ணா, கருவேப்பல பறிச்சிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே பறித்து முடித்திருப்பாள். யார் வீட்டில் சண்டை, யார் மகள் எந்தக் காலேஜில் சேர்ந்தாள், எந்த பஸ் வரவில்லை என்பதையெல்லாம் நின்ற நிலையில் சொல்லி, ஒரு கொத்தை அவருக்கென்று படியில் வைத்துவிட்டுப் போவாள். பாக்கியமேரி காலத்துப் பழக்கம் அது.

வேலை நடந்த நாட்களில் வீடு நிறைந்திருந்தது. செம்மண் வந்தது. ஒசூரிலிருந்து புல் பாய் பாயாகச் சுருட்டி வந்தது. வெள்ளைக் கூழாங்கல், சுவரில் அடுக்கடுக்காகத் தொட்டிகள், தரைக்குள் புதைத்த விளக்குகள், தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்ளும் தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் வந்தன. வேலையாட்களுக்கு சவரிமுத்துவே டீ போட்டார். ஒருவனுக்குச் சர்க்கரை குறைவாக, ஒருவனுக்கு இஞ்சி போட்டு என்று தனித்தனியாகப் போட்டார். அவர்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வண்டி ஏறிய அன்று, இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார்.

மாதவராஜ் முடிந்த தோட்டத்தைப் படம் எடுத்தான். அவனுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட வேண்டுமாம். சவரிமுத்து சட்டையை மாற்றிக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், ஒரு நிமிசம் தள்ளிக்கறீங்களா? ஃப்ரேம்ல விழறீங்க."

தூணோரம் தள்ளி நின்றார்.

"நெழல் விழுதுங்க சார்."

வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிளம்பும்போது மாதவராஜ் ஒன்று சொன்னான். "மூணு வாரம் யாரும் புல்ல மிதிக்கக் கூடாதுங்க சார். வேர் புடிக்கணும். அதுல மட்டும் ஸ்ட்ரிக்டா இருந்துக்குங்க."

ஸ்ட்ரிக்டாக இரு என்று யாரும் சவரிமுத்துவிடம் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. படியில் நிற்கக் கூடாது என்றால் நிற்கக் கூடாது. அரை டிக்கெட் என்றால் அரை டிக்கெட். அன்றைக்கே மஞ்சள் நைலான் கயிறு வாங்கி வந்து புல்லைச் சுற்றிக் கட்டினார். அட்டையில் தன் அழகான கையெழுத்தில் 'புல்லை மிதிக்காதீர்' என்று எழுதிக் கயிற்றில் தொங்கவிட்டார். சிலிண்டர் கொண்டுவந்தவன் ஓரத்தில் உருட்டியதற்குத் திட்டு வாங்கினான். பால்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நிற்கப் பழகிக்கொண்டார்.

இது நடந்து இரண்டாவதோ மூன்றாவதோ நாள். நஞ்சம்மாள் வழக்கம்போல் வந்தாள். கயிற்றைப் பார்த்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் கயிற்றைத் தாண்டினாள்.

"ஏ! ஏ! நில்லு! காலை எடு, காலை எடு!"

மலைப்பாதையில் பஸ்ஸின் கடைசி சீட் வரை கேட்ட குரல் அது. நஞ்சம்மாள் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றாள்.

"என்னாங்கண்ணா, பாம்பா?"

"புல்லு! புல்ல மிதிக்கற!"

"அட, புல்லத்தானுங்களே மிதிக்கறேன். நான் என்னமோன்னு பயந்துட்டேன்."

"வேர் புடிக்கலம்மா இன்னும். போர்டு எழுதிப் போட்டிருக்குதே, தெரியல?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்கறது ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாதாக்கும்?" அவள் காலை இறக்கிக் கயிற்றுக்கு வெளியே வந்தாள். "அப்ப கருவேப்பலைக்கு எப்படிப் போறதுங்க? பறந்து போவட்டுமா?"

மூன்று வாரம் பொறுத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். நானே பறித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"கடையில வாங்கிக்க. கொசுறா குடுக்கறானில்ல."

நஞ்சம்மாள் அவரையே பார்த்தாள். பிறகு, "வாங்கிக்கறனுங்க" என்றாள். வழக்கத்தைவிட அந்த 'ங்க' கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அதற்கு முன் அவள் அந்தக் கேட்டைச் சாத்தியதே இல்லை.

கண்டக்டர் வீட்டுப் புல்லுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று அவள் தெருவில் சொல்லிச் சிரித்தது பால்காரர் வழியாக அவர் காதுக்கு வந்தது. தெருவிலிருந்து அது பாப்பிரெட்டிப்பட்டி கடைவீதிவரை போனது. சவரிமுத்துவும் சிரித்துவைத்தார்.

மூன்று வாரம் முடிந்தது. கயிறு அப்படியே இருந்தது. அவிழ்க்க மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. புல் அவ்வளவு அழகாக வந்திருந்தது. பனியில் நனைந்த கம்பளிபோல, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. யாராவது வரும்போது அவிழ்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார். யாரும் வராததால் அவிழ்க்கவில்லை.

விடியற்காலையில் தண்ணீர் தானாகப் பீய்ச்சி, தானாக நின்றது. பாக்கியமேரி இருந்தபோது அவளுடைய ரோஜாக்களுக்குப் பக்கெட்டில் தூக்கி ஊற்றுவார். இப்போது சத்தம் கேட்டு எழுந்து வந்து, ஜன்னலில் நின்று, முடிந்ததும் போய்ப் படுத்துக்கொண்டார். மாலையில் விளக்குகள் தாமாக எரிந்தன. சிமென்ட் பெஞ்சில் ஓரமாக, பக்கத்தில் இன்னொருவர் உட்காரும்படி இடம் விட்டு உட்கார்ந்தார். கேத்தரின் வீடியோவில் கூப்பிட்டாள்.

"அப்பா, கேமராவத் திருப்புங்க. கார்டனக் காட்டுங்க."

திருப்பினார். அவர் முகம் போய்த் தோட்டம் வந்தது.

"சூப்பரா இருக்குதுப்பா! அந்தப் பக்கம் காட்டுங்க. அங்க என்னா எருமைச் சாணி கலர்ல?"

"அது கல்லு பாப்பா. காசு குடுத்து வாங்கினது."

அவள் சிரித்தாள். கடைசிவரை கேமராவைத் திருப்பிக்கொள்ளச் சொல்லவில்லை. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

ஜெபமாலைக்கு முதல்நாள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி ஆணியில் மாட்டினார். அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டார். ஜமக்காளம் விரிக்கலாமா என்று யோசித்தார். விரித்தால் புல் தெரியாது. படத்தில் யாரும் ஜமக்காளத்தில் உட்காரவில்லை. விரிக்கவில்லை.

மறுநாள் கொண்டைக்கடலையை அவரே வேகவைத்தார். போர்டிகோவில் மேசை போட்டு, பாக்கியமேரியின் வெள்ளைத் துணியை விரித்து, மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளி போட்டுத் துலக்கி வைத்தார். தாளிக்கும்போதுதான் கறிவேப்பிலை நினைவுக்கு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். கல் பாதையின் ஓரத்தில் வந்து நின்றார். எதிரே புல். புல்லுக்கு அந்தப் பக்கம் மரம். நஞ்சம்மாள் நின்ற அதே இடத்தில் தானும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் நடந்து போய் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு வந்தார். திரும்பிப் பார்த்தபோது அவருடைய கால் பட்ட இடத்தில் புல் மெல்ல மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்கு ஒரு மழை பெய்து விட்டது. மண் சாலை குழம்பிக் கிடந்தது.

மாலையில் பாட்டுச் சத்தம் கேட்டது. தெருமுனையில் மெழுகுவர்த்திகள் தெரிந்தன. அவர் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். ஓட்டு வீடு, மாடி வீடு எல்லாம் வந்திருந்தது. மாதா சுரூபத்தை ஆண்டோ தூக்கி வந்தான். கல் பாதை வழியாக நேரே வந்து மேசையில் வைத்தான். கைகூப்பினான். பிறகு திரும்பி, அதே பாதையில் கேட்டுக்கு வெளியே போய் மற்றவர்களோடு நின்றுகொண்டான்.

"உள்ள வாங்க. ஏன் அங்கயே நின்னுட்டீங்க? வாங்க, வந்து உக்காருங்க" என்றார் சவரிமுத்து.

முன்னால் நின்ற ஒரு வயதான அம்மா தன் பாதங்களைக் காட்டினார். "காலெல்லாம் சேறுங்க. பளிச்சினு இருக்குது, பாழாயிரும்."

"ஆனா ஆவட்டும். வாங்க."

"பரவாலீங்க, நிக்கறோம்."

பின்வரிசையில் யாரோ, "டிக்கெட்டு எடுக்கலீங்களே" என்று தணிந்த குரலில் சொன்னார்கள். ஒரு சிரிப்பு கிளம்பி, சுரூபத்தைப் பார்த்ததும் அடங்கியது. ஒரு பெண் தன் குழந்தை கேட்டுக்குள் ஓடப் பார்த்ததைப் பிடித்து இழுத்து, "அங்கெல்லாம் போகக் கூடாது, தாத்தா திட்டுவாரு" என்றாள்.

"நான் திட்ட மாட்டேன்" என்றார் சவரிமுத்து. அது யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஆண்டோ வானத்தைப் பார்த்தான். "மாமா, இங்கயே காத்தோட்டமா நல்லாத்தான் இருக்குது. மறுபடி மழை வர்ற மாதிரி இருக்குதுங்க. ஆரம்பிச்சிடலாமா?"

ஜெபமாலை சாலையிலிருந்து தொடங்கியது. தரையில் புதைத்த விளக்குகள் புல்லை ஒளிர வைத்தன. காம்பவுண்டு சுவருக்கு வெளியே மெழுகுவர்த்திகளும் முகங்களும் வரிசையாகத் தெரிந்தன. வீட்டுக்காரர் சுரூபத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது முறை. ஆகவே அவர் உள்ளே நின்றார். அத்தனை பெரிய தோட்டத்துக்கும் அவர் ஒருவர்தான். அவர்கள் ஒரு பாதி சொல்ல, அவர் மறுபாதி சொன்னார். அவருடைய குரல் அவருக்கே தனியாகக் கேட்டது.

ஜெபமாலையின் நான்காம் பத்து மணிகளை உருட்டும்போது அந்தச் சத்தம் தொண்டைக்குள் திரண்டு வந்தது. 'உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியா கெடக்குது.' எத்தனை கூட்டத்தை அந்த ஒரு குரலால் நகர்த்தியிருக்கிறார். பஸ்ஸில் யாரும் அவரிடம் பரவாயில்லை, நிற்கிறோம் என்று சொன்னதில்லை. ஜெபம் நடக்கும்போது கத்த முடியாது. முடியட்டும், முடிந்ததும் கூப்பிட்டுவிடலாம் என்று காத்திருந்தார். கடைசிப் பாட்டு முடிந்து அவர் வாயைத் திறந்தபோது தூறல் விழுந்தது. குடைகள் விரிந்தன. சுண்டலைக் கேட்டிலேயே வாங்கிக்கொண்டார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். தோட்டமும் நன்றாக இருக்கிறது என்றார்கள். தெரு காலியானது.

எதிர்வீட்டு வாசலில் நஞ்சம்மாள் நின்றிருந்தாள். அவள் வேறு சாமி கும்பிடுகிறவள்தான். ஆனாலும் பாக்கியமேரி இருந்தபோது ஜெபமாலைக்கு ஒரு வருடம்கூட வராமல் இருந்ததில்லை. சுண்டலுக்கு வந்தேன் என்று அவளே சொல்லிக்கொள்வாள். இன்று படியை விட்டு இறங்கவில்லை. அவளுக்கென்று ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு சவரிமுத்து கேட் வரை போனார். அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

விடியற்காலை மழையிலேயே தண்ணீர்க் குழாய்கள் தாமாகத் திறந்துகொண்டு, நனைந்த புல்லை நனைத்தன.

மறுநாள் காலை பால் வாங்கி வைத்ததும், பரணிலிருந்து தன் பழைய டியூட்டி ஷூவை எடுத்தார். தூசி தட்டி மாட்டிக்கொண்டார். கேட்டில் நின்று, கல் பாதையை விட்டு இறங்கி, நேராகக் கறிவேப்பிலை மரம் வரை புல்லில் அழுத்தி நடந்தார். திரும்பி அதே கோட்டில் கேட்டுக்கு வந்தார். மறுபடி மரத்துக்குப் போனார்.

மதியம் பார்த்தபோது புல் எழுந்து நின்றிருந்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது.

மாலையிலும் நடந்தார். அடுத்த நாளும் நடந்தார். கோடு மாறிவிடக் கூடாது என்று கேட்டின் கீலையும் மரத்தின் கவையையும் குறி வைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்துத் தண்ணீர்க் குழாயின் வாயைத் துணி சுற்றி அடைத்தார். வழி என்று ஒன்று தெரிந்தால் கேட்காமலே நடப்பார்கள். மலையில் அப்படித்தான். எந்த ஊருக்கும் போர்டு கிடையாது. தடம் தெரிகிற இடத்தில் பஸ்ஸை நிறுத்தினால் ஆள் இறங்கும். இங்கும் ஒரு தடம் விழ வேண்டும். விழும் வரை அவர்தான் நடக்க வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்?

நவம்பர் போனது. புல்லில் ஒரு கோடு முதலில் வெளிறியது, பிறகு மஞ்சளானது. கிறிஸ்துமசுக்கு நட்சத்திரம் கட்டும் சமயத்தில் மண் லேசாகத் தெரியத் தொடங்கியது.

அந்த வாரம்தான் மாதவராஜ் தோட்டத்தைப் பார்த்துப் போக வந்தான். கேட்டைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

"சார், என்னாங்க இது! நடுவுல ஒத்தையடிப் பாதையாட்டம்!"

"ஆளுங்க வர்றாங்க தம்பி."

"இவ்ளோ பேரா?"

"வந்துகிட்டேதான் இருக்கறாங்க. கருவேப்பலைக்கு." சவரிமுத்து எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "வேணாம்னு சொல்ல முடியுமா?"

மாதவராஜ் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா ஸ்டெப்பிங் ஸ்டோன் போட்டிருக்கலாங்களே. தப்பு என்னுதுதான். இப்ப பெரிய பெரிய டிசைனருங்கெல்லாம் அப்படித்தான் பண்றாங்க சார். மொதல்ல பாதையே போட மாட்டாங்க. ஆளுங்க எங்க நடக்கறாங்கன்னு பாத்துட்டு, அப்பறமா அங்க கல்லு பதிப்பாங்க. உங்க வூட்ல தானா நடந்திருக்குது."

"எந்த ஆளுங்க?"

குரல் கேட்டிலிருந்து வந்தது. நஞ்சம்மாள் நின்றிருந்தாள். கையில் ஒரு சில்வர் தட்டு. அதில் நறுக்கிய வெங்காயம்.

"நானும் தெனமும் மொட்டை மாடியில துணி காயப் போடறேன். ஒரு ஆளையும் காணமே. நீங்க ஒருத்தரேதான காலையும் சாயங்காலமும் பூட்ஸ மாட்டிகிட்டு அங்கயும் இங்கயும் போறீங்க. பாவம், சர்க்கரை வந்துருச்சாட்டம் இருக்குதுன்னு எம் மருமகக்கிட்ட சொல்லிட்டிருந்தேன்."

மாதவராஜ் சட்டென்று ஒரு தொட்டியின் பக்கம் திரும்பி அதில் பழுத்த இலையைக் கிள்ளத் தொடங்கினான். சவரிமுத்துவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஷூவைப் பார்த்தார். அதில் செம்மண் ஒட்டியிருந்தது.

நஞ்சம்மாளும் அந்த ஷூவைப் பார்த்தாள். பிறகு கோட்டைப் பார்த்தாள். அது கேட்டில் தொடங்கி எங்கே போய் முடிகிறது என்று கண்ணாலேயே போய்விட்டு வந்தாள். தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"கடைக்காரன் கொசுறு குடுக்கறத நிறுத்திட்டானுங்க" என்றாள் கடைசியில். "மழையில வெல ஏறிப் போச்சாம். அடுப்புல எண்ணெ காயுது."

சவரிமுத்து நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏறு, ஏறு. எடம் இருக்குது."

"டிக்கெட்டுங்க?"

"உனக்கு பாஸு."

அவள் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றப் போனவளிடம், "செருப்போடயே போ" என்றார். அவள் அந்தக் கோட்டின் மேலேயே, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கால் படாமல், வரப்பில் நடப்பதுபோல் நடந்து போனாள். இரண்டு கொத்து ஒடித்தாள். திரும்பும்போது ஒன்றை அவர் உட்காரும் சிமென்ட் பெஞ்சில் வைத்தாள். எண்ணெய் காய்கிறது என்று மறுபடி சொல்லிக்கொண்டு வேகமாகத் தெருவைத் தாண்டினாள். ஊர்க்கதை எதுவும் சொல்லவில்லை. கேட்டைச் சாத்தவில்லை.

மாதவராஜ் அருகில் வந்தான். "கல்லு பதிச்சிடலாங்களா சார்? அரை நாள் வேலைதான்."

சவரிமுத்து பெஞ்சில் கிடந்த கொத்தைக் கையில் எடுத்தார். கேட்டுக்கு வெளியே பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. நாளைக்கும் வருவாளா என்பது தெரியவில்லை. சண்டை தீர்ந்ததா, எண்ணெய் மட்டும்தான் காய்ந்ததா, அதுவும் தெரியவில்லை.

"இப்ப வேணாம் தம்பி. இன்னும் கொஞ்ச நாள் போவட்டும். நடக்கறாங்களான்னு பாத்துட்டுப் போடலாம்."

மாதவராஜ் போன பிறகு அந்தக் கொத்தை டம்ளர் தண்ணீரில் போட்டு ஜன்னலில் வைத்தார். மாலையில் விளக்குகள் எரிவதற்கு முன்னால் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஒரு ஆள் ஒரு வேளை மட்டும் நடந்தால் அந்தப் புல் எழுந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். கேட்டில் நின்று, மரத்தின் கவையைக் குறி பார்த்து, நடக்கத் தொடங்கினார்.